முதுமைக்கு ஓராண்டு அனுமதி

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளின் கல்யாண காரியங்களையும் ஒருவாறு முடித்து, இனி நம் இஷ்டப்படி ஓரிடத்தில் அமைதியாக இருக்கலாம் என்று நினைக்கத் தொடங்கும் வயதில், அந்த ஓரிடம் வேறொரு தேசத்தில் இருந்தால் என்ன என்கிற ஆசை நம்மவர்களிடையே இப்போது பரவலாகத் தலையெடுத்திருக்கிறது. நானும் என் மனைவியும் தாய்லாந்தின் வடபகுதியிலுள்ள சியாங் மாய் நகரத்தில் சில காலமாக வசித்து வருகிறோம் என்பதை அறிந்த நண்பர்களும், அந்த நண்பர்களின் சம்பந்திகளும்கூட, அங்கே தங்குவதற்கு விசா வாங்கும் மார்க்கம் என்ன என்று விசாரித்த வண்ணமாக இருக்கிறார்கள். கும்பகோணத்தில் இருக்கும் பழைய சகா ஒருவர் தொலைபேசியில் கேட்ட கேள்வியே அவர்கள் எல்லோருடைய கேள்வியும் என்று சொல்லலாம்: "எட்டு லட்சம் பாட் பேங்குல போட்டுட்டா போதும்னு சொல்றாங்களே சார், நெஜமா? அப்புறம் தொந்தரவு ஒண்ணும் இல்லையே?" போதும் என்பது சட்டத்தின் பதில், போதாது என்பது என்னுடைய பதில். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைச் சாவகாசமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் எதைத் தருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். 1979-ஆம் ஆண்டில், தாய்லாந்தார் வழங்கும் புத்த சகாப்தக் கணக்குப்படி 2522-இல், இயற்றப்பட்ட குடிவரவுச் சட்டத்தின் கண்ணுக்கு, அங்கே ஓய்வுக் காலத்தைக் கழிக்க வரும் வயோதிகர் குடியேறியவர் அல்லர். தற்காலிகமாகத் தங்க வந்தவர். அந்தத் தற்காலிகத் தங்கலை ஓராண்டுக்கு நீட்டித்துத் தருவார்கள். அந்த ஓராண்டு முடியுமுன் மறுபடி விண்ணப்பித்தால் இன்னும் ஓராண்டு நீட்டித்துத் தருவார்கள். இப்படியே இருபது வருஷம் ஒருவர் அங்கே இருந்து, கடைத்தெருவில் பேரம் பேசும் அளவுக்கு அந்த பாஷையையும் கற்றுக்கொண்டு, அக்கம்பக்கத்தார் எல்லோருக்கும் வேண்டியவராக ஆகிவிட்டாலும், இருபத்தோராவது வருஷத்திலும் அவர் தற்காலிகமாக வந்தவரே ஆவார். நிரந்தர வாசத்துக்கு வேறொரு வழி இருக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு நாட்டுப் பிரஜைகளிலும் ஆண்டுக்கு 100 பேருக்கு மேல் திறவாத கதவு. அந்த நூறு பேரும் பெரும்பாலும் அங்கே வேலை பார்த்து வரி செலுத்தியவர்களாக இருப்பார்களேயன்றி, நம்மைப் போல் ஓய்வெடுக்க வந்தவர்களாக இருப்பதில்லை.

அந்த ஓராண்டு அனுமதிக்குப் போய்ச் சேர இரண்டு வாசல்கள் உள்ளன. ஒன்று, நம் நாட்டிலிருந்தபடியே தாய்லாந்துத் தூதரகத்தின் மூலமாக 'ஓ-ஏ' என்னும் வகை விசாவை வாங்கிக்கொண்டு போவது. இதற்கு 50 வயது நிரம்பியிருக்க வேண்டும். 8 லட்சம் பாட்டுக்குச் சமமான தொகை கையிருப்பில் இருப்பதற்குச் சான்று வேண்டும். குற்றப் பின்னணி இல்லை என்று போலீஸ் சான்றிதழும், மருத்துவச் சான்றிதழும், மருத்துவக் காப்பீடும் வேண்டும். முதல் ஆண்டுக்கு அந்தப் பணம் நம் நாட்டு வங்கியிலேயே இருக்கலாம் என்பது இதிலுள்ள சௌகரியம். மற்றொன்று, 'ஓ' என்னும் வகையில் 90 நாள் அனுமதி பெற்று, அதை அங்குள்ள இமிக்ரேஷன் அலுவலகத்தில் ஓராண்டாக நீட்டித்துக்கொள்வது. இந்த இரண்டாம் வழியில் தஸ்தாவேஜுகள் குறைவு. காப்பீட்டு நிர்ப்பந்தமும் இல்லை. ஆகையால் அதையே பலரும் விரும்புகிறார்கள்.

ஆனால் அந்த 90 நாளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் தினத்துக்கு முன்னதாக 8 லட்சம் பாட் தாய்லாந்து வங்கி ஒன்றில், விண்ணப்பதாரரின் பெயரில், இரண்டு மாத காலம் அசையாமல் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. 90-இல் 60 போனால் மிச்சம் 30. ஆக, விமானத்திலிருந்து இறங்கிய ஒரு மாதத்துக்குள் வங்கிக் கணக்குத் தொடங்கி, அதில் இந்தியாவிலிருந்து பணத்தையும் தருவித்துவிட வேண்டும். கணக்குத் தொடங்கப் போனாலோ, இருப்பிடச் சான்றிதழ் எங்கே என்று வங்கியில் கேட்பார்கள். இருப்பிடச் சான்றிதழுக்கு இமிக்ரேஷன் அலுவலகத்துக்குப் போனால் வாடகை ஒப்பந்தத்தையும், வீட்டுக்காரர் நம் வருகையை முறைப்படி தெரிவித்த ரசீதையும் கேட்பார்கள். ஓட்டல் அறையில் தங்கியிருப்பவருக்கு வாடகை ஒப்பந்தம் எங்கிருந்து வரும்? எனவே முதல் வாரத்தில் வீடு, இரண்டாம் வாரத்தில் இருப்பிடச் சான்று, மூன்றாம் வாரத்தில் வங்கி, அதன்பின் பணம் என்று கிரமம் தப்பாமல் நடந்துகொள்கிறவருக்கே இந்த வழி சுலபம். கோயில்களையும் மலைகளையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவை எங்கும் போய்விடா.

அந்த 8 லட்சம் பாட் நாணய மாற்று விகிதத்தைப் பொறுத்து 20 லட்சம் ரூபாயைத் தாண்டும். அதைச் செலவுக்கான பணம் என்று எண்ணிவிடக் கூடாது. அது விதை நெல். களஞ்சியத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம், உலையில் போட முடியாது. 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் இந்த விஷயத்தில் கண்டிப்பு அதிகமாகிவிட்டது. நீட்டிப்புக் கிடைத்த பிறகும் மூன்று மாதத்துக்கு அந்தத் தொகை 8 லட்சத்துக்குக் குறையக் கூடாது. அதன்பின் வருஷத்தின் எந்த நாளிலும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்னதாக மறுபடியும் 8 லட்சம் நிறைந்திருக்க வேண்டும். வருஷத்தில் ஏழு மாதங்களில் மேல்பாதியைத் தொடலாம், கீழ்பாதியை என்றுமே தொட முடியாது என்பதே இதன் சாராம்சம். மாதந்தோறும் 65,000 பாட் வெளிநாட்டிலிருந்து கணக்கில் வந்து விழுந்தாலும் போதும் என்றொரு மாற்று வழி உண்டு. வருமானமும் சேமிப்பும் சேர்ந்து 8 லட்சம் தேறினாலும் ஏற்றுக்கொள்வார்கள். முன்பெல்லாம் மேல்நாட்டார் தத்தம் தூதரகத்தில் வருமானக் கடிதம் ஒன்றை வாங்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 2018-இன் இறுதியை ஒட்டி அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் அவ்விதக் கடிதம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டதும், பல காலம் நிம்மதியாக இருந்த கிழவர்கள் பலர் திடீரென்று வங்கிகளை நோக்கி ஓட நேர்ந்தது.

இந்தியாவிலிருந்து அனுப்பும் பக்கத்திலும் சில சம்பிரதாயங்கள் உள்ளன. ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பதால் உச்சவரம்பு நம்மைத் தொடாது. ஆனால் 2025 ஏப்ரல் முதல், இதுபோன்ற காரியங்களுக்கு அனுப்பும் தொகையில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பாகத்துக்கு 20 சதவீதம் வரியாக முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறார்கள். 20 லட்சம் அனுப்புகிறவரிடம் 2 லட்சம் இப்படித் தேங்கி நிற்கும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் நம் கையில் இராது என்பதால் அதற்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும். தம்பதிகள் இருவரும் அவரவர் கணக்கிலிருந்து தனித்தனியே அனுப்பினால் 10 லட்ச வரம்பு இருவருக்கும் தனித்தனியே பொருந்தும். போய் நிலைத்துவிட்டால் இங்குள்ள சேமிப்புக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே ஓர் ஆண்டில் 180 நாள் தங்கியவர் வரி விஷயத்தில் அந்நாட்டு வாசியாகக் கருதப்படுவார் என்பதும், 2024 ஜனவரி முதல் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும் என்பதும் ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய சங்கதிகள்.

விண்ணப்பிக்கும் தினத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். டிஎம்-7 என்னும் படிவம், 4-க்கு 6 சென்டிமீட்டர் அளவில் புகைப்படம், பாஸ்போர்ட்டில் எழுத்தோ முத்திரையோ உள்ள பக்கங்களின் நகல்கள், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்கு வழி காட்டும் கையால் வரைந்த வரைபடம், 1,900 பாட் கட்டணம் ஆகியவை ஒருபுறம் இருக்க, வங்கிக்காரர் கொடுக்கும் கடிதமும் பாஸ்புத்தகமும் அன்றைய தேதியைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பாஸ்புத்தகத்தில் அன்றைய தேதி தானாக விழாது. அன்று ஏதேனும் வரவோ செலவோ நடந்திருந்தால்தான் விழும். ஆகையால் 8 லட்சம் வைத்திருக்கும் கனவான்கள் காலையில் வங்கி திறந்ததும் வரிசையில் நின்று, நூறு பாட் நோட்டு ஒன்றை நீட்டி வரவு வைத்து, அந்த ஒரு வரி அச்சாகும் ஓசையைக் கேட்ட பின்னரே இமிக்ரேஷன் அலுவலகத்துக்கு விரைகிறார்கள். அங்கே அருகிலிருக்கும் ஜெராக்ஸ் கடைப் பெண்ணுக்கு எந்தப் பக்கத்தை எத்தனை பிரதி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அவள் ஒவ்வொரு நகலையும் நம்மிடம் தள்ளி, நீல மைப் பேனாவையும் கொடுத்து, கையெழுத்திட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவாள். உள்ளே இருக்கும் உத்தியோகஸ்தர் பாஸ்புத்தகத்தின் வரிகள்மீது பென்சிலை மெல்ல நகர்த்திக்கொண்டே வந்து, 4 லட்சத்துக்குக் கீழே எங்கேனும் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பென்சில் நிற்காமல் கடைசி வரிக்கு வந்துவிட்டால், நம் முதுமைக்கு இன்னும் ஓராண்டு என்று அர்த்தம்.

அதன் பிறகு தொந்தரவு இல்லையா என்று கேட்டால், தொந்தரவு என்று சொல்ல முடியாது, தேதிகள் உண்டு. 90 நாளுக்கு ஒருமுறை, இன்ன முகவரியில்தான் இருக்கிறேன் என்று தெரிவிக்க வேண்டும். கெடு நாளுக்குப் 15 நாள் முன்னும் 7 நாள் பின்னும் அவகாசம் உண்டு. தவறினால் 2,000 பாட் அபராதம். அனுமதிக் காலம் முடிந்தும் தங்கியிருந்தால் நாளொன்றுக்கு 500 பாட் வீதம் 20,000 வரை அபராதம். 90 நாளுக்கு மேல் போய்விட்டால் மறுபடி உள்ளே வருவதற்கே தடை. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, மறுநுழைவு அனுமதி. அதை வாங்காமல் தாய்லாந்து எல்லையைத் தாண்டினால், எத்தனையோ சிரமப்பட்டு வாங்கிய நீட்டிப்பு அந்தக் கணமே ரத்தாகிவிடும். ஒரு தடவைக்கு 1,000 பாட், அவ்வாண்டு முழுவதும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வர 3,800 பாட். நம் வயதில் ஊரிலிருந்து வரும் செய்திகள் நல்ல நேரம் பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் தமக்கையின் உடல்நிலை குறித்து ஒரு தகவல் வந்தால், அப்போது படிவம் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே நீட்டிப்பு வாங்கும் அதே தினத்தில், அதே கட்டடத்தில், அந்த 3,800 பாட்டையும் கட்டிவிடுவதே விவேகம். இவற்றோடு நம் சர்க்காரின் நியதி ஒன்றும் தொடர்ந்து வருகிறது. நவம்பர் மாதத்தில் ஓய்வூதியக்காரர் தாம் ஜீவித்திருப்பதை நிரூபிக்க வேண்டும் அல்லவா? அதைக் கைப்பேசியில் முகத்தைக் காட்டியும் செய்யலாம், பாங்காக்கில் சுகும்வித் 23-ஆம் சந்திலுள்ள இந்தியத் தூதரகத்தின் மூலமாகவும் செய்யலாம். ஒரு நாட்டுக்கு நாம் உயிரோடிருப்பதையும், மற்றொரு நாட்டுக்கு நாம் இருக்கும் இடத்தையும் ருசுப்படுத்திக்கொண்டே ஆண்டு கழிகிறது. நம் முன்னோர் வகுத்த வானப்பிரஸ்தத்தில் இந்தப் பிரச்சினைகள் இருந்ததாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் ஏன் அங்கே இருக்கிறாய் என்று நீங்கள் கேட்பது நியாயமே. மருத்துவமனைகள் நன்றாக இருக்கின்றன. நடைபாதையில் காய்கறியும் பழமும் மலிவாகக் கிடைக்கின்றன. வயோதிகரிடம் மரியாதை என்பது அந்த ஜனங்களின் இரத்தத்தில் ஊறிய பண்பு. கோயில் இல்லாத ஊரில் குடியிருக்கத் தயங்குகிற நம்மவருக்கு, பாங்காக்கின் சீலோம் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. நவராத்திரி ஊர்வலத்தன்று அந்த வீதியில் நிற்கும் கூட்டத்தில் தாய்லாந்துக்காரர்களே அதிகம். குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் வைக்கும் தீயின் புகை பள்ளத்தாக்கில் தேங்கி நின்று, மூச்சுக் கோளாறு உள்ளவர்களைக் கடற்கரைப் பக்கம் துரத்திவிடும். வெளிநாட்டார் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் கட்டடமானால் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டார் கையில் இருக்கலாம் என்பதால் அதற்குள் இடமிருந்தால் ஒரு குடியிருப்பை வாங்கலாம். குத்தகை எடுப்பதானால் 30 ஆண்டுக்கு மேல் எழுத முடியாது. வேலை பார்ப்பது கூடவே கூடாது. சம்பளத்துக்கு மட்டுமல்ல, பொழுதுபோக்காகக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆசைப்படும் வாத்தியார்கூட முறையான அனுமதி இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. முப்பது வருஷம் உழைத்தே பழகியவருக்கு இந்தக் கடைசி நிபந்தனை மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமாக இருக்கலாம்.

இதுவரை சொன்னவை சட்டம் கேட்கிறவை. சட்டம் கேட்காத ஒரு விஷயத்தை முதன்முதலில் கேட்டவள் என் மனைவி. கணக்குத் தொடங்கி, புத்தம் புதிய பாஸ்புத்தகத்தை வாங்கி நான் சட்டைப்பையில் வைக்கப் போகும் தறுவாயில், அதை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல என் பேரு எங்கே?" என்றாள். அவள் பெயர் அதில் இல்லை, இருக்கவும் முடியாது. கூட்டுக் கணக்கில் உள்ள தொகையை இந்த அனுமதிக்கு ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பதால், பணம் விண்ணப்பதாரர் ஒருவர் பெயரிலேயே இருந்தாக வேண்டும். கணவர் தம் பணத்தைக் காட்டி அனுமதி பெற்றால், மனைவி அவரைச் சார்ந்தவர் என்ற முறையில் தனியே பணம் காட்டாமல் அதே காலத்துக்கு அனுமதி பெறலாம் என்பது சட்டம் செய்திருக்கும் சலுகை. செலவு பாதியாகிறதே என்று அநேகமாக எல்லாத் தம்பதிகளும் அந்த வழியில்தான் போகிறார்கள். நாங்களும் அப்படியே செய்வதாகத்தான் இருந்தோம். அந்தக் கேள்விக்குப் பிறகு அதைப் பற்றி யோசித்தோம்.

எங்கள் கட்டடத்தில் இரண்டு மாடி கீழே ஒரு ஜெர்மானியத் தம்பதி இருந்தார்கள். அவர் ஓய்வு பெற்ற பொறியாளர். காகிதங்களை அடுக்கி வைப்பதில் என்னைவிடத் தேர்ந்தவர். மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு மாரடைப்பால் அவர் காலமானார். அவருடைய பணம் அவர் ஒருவர் பெயரில் இருந்தது. இறந்த செய்தி வங்கிக்குப் போனதும் கணக்கு முடக்கப்பட்டது. அந்த அம்மாளின் அனுமதியோ அவரைச் சார்ந்து பெற்றது. அவரே இல்லை என்னும்போது அதற்கு ஆதாரம் இல்லாமற் போயிற்று. கணவரின் அஸ்தி வீட்டில் இருக்க, எழுபது வயதைக் கடந்த அந்தப் பெண்மணி மரணச் சான்றிதழையும் தம் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, தாம் இனி எத்தனை நாள் இங்கே இருக்கலாம் என்று கேட்பதற்காக இமிக்ரேஷன் அலுவலகத்துக்குப் போனார். என் மனைவி துணைக்குப் போயிருந்தாள். அங்கிருந்தவர்கள் தயையோடுதான் பேசினார்கள். நாற்காலி போட்டுத் தண்ணீரும் கொடுத்தார்கள். ஆனால் தயையினால் விதி மாறாது. ஜெர்மனியிலிருந்து மகன் வந்து, வக்கீல் அமர்த்தி, நீதிமன்றத்தில் சொத்து நிர்வாகியாக நியமனம் பெற்று, அந்தப் பணத்தை மீட்பதற்குப் பல மாதங்களாயின. அதற்குள் அந்த அம்மாள் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

அந்த விசாவில் குற்றம் ஒன்றும் இல்லை. தான் என்ன தருவதாகச் சொன்னதோ அதைத் தந்தது. ஓராண்டுக்கு மேல் எதையும் அது வாக்களிக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் யோசிக்க வேண்டியவர்கள் நாம். அதனால் என் யோசனை இதுதான்: கணவன் மனைவி இருவரும் 50 வயதைக் கடந்தவர்களாக இருந்தால், ஆளுக்கு 8 லட்சமாக அவரவர் பெயரில் வைத்து, ஒருவரையொருவர் சாராமல் தனித்தனியே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவது 8 லட்சம் வீண் என்று தோன்றலாம். துக்கம் நேர்ந்த வாரத்தில் ஒரு ஸ்திரீ தன் வீட்டைவிட்டுப் போக வேண்டாம் என்பதற்குக் கொடுக்கும் விலை அது. அடுத்தபடியாக, தாய்லாந்தில் உள்ள சொத்துக்கென்று அந்நாட்டு முறைப்படி ஓர் உயில் எழுதி வையுங்கள். எழுத்தில், தேதியிட்டு, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டால் அது செல்லும். நிறைவேற்றுபவரின் பெயரையும் அதிலேயே குறித்துவிட வேண்டும். நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றாலும், உயில் உள்ளவருடைய வாரிசுக்கு அந்த வழி வெகுவாகச் சுருங்கிவிடும். சில மாதச் செலவுக்கான தொகை மனைவியின் சொந்தக் கணக்கில் எப்போதும் இருக்கட்டும். வங்கிப் பாஸ்புத்தகம், உயில், தூதரகத்தின் தொலைபேசி எண் ஆகியவை எங்கே இருக்கின்றன என்பது இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

வியாதியைப் பற்றியும் இதே சிந்தனை தேவை. முதலில் சொன்ன 'ஓ-ஏ' விசாவுக்கான மருத்துவச் சான்றிதழில், குஷ்டம், க்ஷயம், யானைக்கால், போதைப் பழக்கம், முற்றிய நிலையிலுள்ள மேகவியாதி ஆகிய ஐந்தும் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். நம் வயதில் வருகிற சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதயம், மூட்டு, மறதி ஆகியவற்றைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. மாறாக, 2019 அக்டோபர் இறுதியிலிருந்து அந்த வகை விசாவுக்குக் காப்பீடு கட்டாயமாயிற்று. தொடக்கத்தில் உள்நோயாளிச் சிகிச்சைக்கு 4 லட்சம் பாட் என்று இருந்த அளவு பின்னர் 30 லட்சம் பாட்டாக உயர்ந்தது. அதை வாங்கப் போனாலோ, எழுபதைத் தாண்டியவர்களைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளப் பல கம்பெனிகள் தயங்குகின்றன. மற்றொரு வழியில் வந்தவர்களுக்குக் கட்டாயம் இல்லை என்பதாலேயே அவர்கள் காப்பீடு இல்லாமல் இருந்துவிடுவதும் ஆபத்தான துணிச்சலே ஆகும். அங்கே இருப்பதாக முடிவு செய்தாலும் இந்தியாவில் உள்ள மருத்துவக் காப்பீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். 2024 ஏப்ரல் முதல் புதிதாகச் சேர்வதற்கு 65 வயது என்ற வரம்பு இங்கே நீங்கிவிட்டது உண்மை. ஆயினும் புதிதாகச் சேர்ந்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். திரும்பி வருகிற கிழவருக்கு மூன்று ஆண்டு என்பது சிறிய காலம் அன்று.

விதிகள் மாறும் என்பதற்கும் நாம் தயாராக இருக்க வேண்டும். பக்கத்து மலேசியாவில் 2002-இல் தொடங்கிய 'மலேசியா மை செகண்ட் ஹோம்' திட்டம் பத்தாண்டு அனுமதியைத் தாராளமாக வழங்கிற்று. 50 வயதைக் கடந்தவர் ஒன்றரை லட்சம் ரிங்கிட் வைப்புத் தொகை வைத்தால் போதும் என்றிருந்தது. 2020-இல் அதை நிறுத்தி வைத்து, 2021-இல் மறுபடி தொடங்கியபோது, வைப்புத் தொகை 10 லட்சம் ரிங்கிட், மாத வருமானம் 40,000 ரிங்கிட் என்று ஏறிவிட்டது. 2024-இல் மீண்டும் மாற்றி, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் பிரித்து, தொகையை அமெரிக்க டாலரில் நிர்ணயித்து, வீடு வாங்குவதையும் நிபந்தனையாக்கினார்கள். தாய்லாந்திலும் பணக்காரர்களுக்கென்று தனி வாசல்கள் இல்லாமல் இல்லை. 2003 முதல் கட்டண உறுப்பினர் முறையில் நீண்ட கால விசா கொடுக்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பத்தாண்டு விசாவில், ஆண்டுக்கு 80,000 டாலர் வருமானமுள்ள ஓய்வூதியக்காரர்களுக்கு இடமுண்டு. நம்மில் அவ்வளவு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்று கருதி அதை விரிக்காமல் விடுகிறேன்.

எந்த அரசாங்கமும் தன் எல்லைக்குள் யார், எத்தனை காலம் இருக்கலாம் என்பதைத் தன் சௌகரியத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை படைத்தது. அதில் முறையிட நமக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் மாறும் விதியைச் சமாளிப்பதும் எழுபத்தெட்டு வயதில் மாறும் விதியைச் சமாளிப்பதும் ஒன்றாகா. போகும்போதே திரும்பி வரும் மார்க்கத்தையும் வகுத்துக்கொண்டு போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஊரில் உள்ள வீட்டை விற்றுவிட்டு அந்தப் பணத்தில் பயணப்படுவது எனக்குச் சம்மதமில்லை, வாடகைக்கு விடுங்கள். இயலாத நாளில் யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் கூச்சமின்றிப் பேசிவிடுங்கள். முதல் ஓராண்டை ஒரு பரீட்சை என்று வைத்துக்கொண்டு, புகைக்காலத்தையும் மழைக்காலத்தையும் ஒரு சுற்று பார்த்த பிறகே தட்டுமுட்டுச் சாமான்களைத் தருவியுங்கள்.

கும்பகோணத்து நண்பருக்கு நான் கொடுத்த பதிலையே உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். உங்கள் இருவர் பெயரிலும் தனித்தனியே 8 லட்சம் பாட் வைத்துவிட்டு, அதைத் தொடாமலே மாதச் செலவை நடத்த முடியுமானால், ஆஸ்பத்திரிக்கும் திரும்பும் பயணத்துக்குமாக வேறொரு தொகை ஊரில் ஒதுங்கியிருக்குமானால், இருவரில் ஒருவர் தனித்துவிடும் நாளைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருப்பீர்களானால், தயங்காமல் விண்ணப்பம் போடுங்கள், நிம்மதியாக வந்து இருங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும், வருஷத்துக்கொரு முறை சுற்றுலா விசாவில் வந்து, எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கி, மாம்பழம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போங்கள். அதற்கு எந்த வங்கியும் கடிதம் தர வேண்டியதில்லை.